எரிஞ்சாதான் மருந்து வேலை செய்யுதா? முடி நேராக்கலின் சுண்ணாம்பு வரலாறு

முடி எடுக்கும் கிரீம் டியூப் ஒன்றையும், பார்லரில் சுருட்டை முடியை நேராக்கப் போடும் கிரீம் டப்பா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் இரண்டிலும் ஒரே பெயர் தட்டுப்படும்: தயோகிளைக்கோலேட். ஒன்று முடியைக் கரைத்து எடுக்கிறது. இன்னொன்று அதே முடியைப் பளபளவென்று தொங்க விடுகிறது.

ஒரே சரக்கு எப்படி இரண்டு வேலை செய்யும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளில் இதற்குப் பதில் எண்களாகவே இருக்கிறது. முடியை நேராக்கவோ சுருட்டவோ போடும் கிரீமில் தயோகிளைக்கோலிக் அமிலம் வீட்டு உபயோகத்துக்கு 8 சதவீதம், தொழில்முறை உபயோகத்துக்கு 11 சதவீதம் வரை இருக்கலாம், பி.எச். 9.5-ஐத் தாண்டக் கூடாது. முடி எடுக்கும் கிரீமில் 5 சதவீதம்தான், ஆனால் பி.எச். 12.7 வரை போகலாம். பார்க்க 3.2 தானே வித்தியாசம் என்று தோன்றும். பி.எச். மடக்கை அளவு என்பதால், காரத்தன்மையில் அது ஆயிரம் மடங்குக்கும் மேல்.

எங்க ஊர்ப் பக்கம், நாகர்கோவில் ஆகட்டும் மார்த்தாண்டம் ஆகட்டும், கல்யாண சீசன் வந்தால் ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று போர்டுகள் முளைத்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பொண்ணு "அக்கா, தலை எரியுது" என்றால் சில இடங்களில் கிடைக்கும் பதில் இது: "கொஞ்சம் பொறுத்துக்க மக்ளே, எரிஞ்சாதான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்." இந்த ஒரு நம்பிக்கைக்குப் பின்னால் நீளமான வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால், எரியும்போது என்ன செய்யணும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கருமணலும் கூந்தலும்

முதலில் ஒரு விஷயம். நேரான முடிதான் நல்ல முடி என்பது தமிழ் மரபு சொன்னது இல்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் கூந்தலுக்கு அடிக்கடி வரும் உவமை "அறல்". ஆற்று நீர் வடிந்த பிறகு கருமணலில் தங்கி நிற்கும் நெளி நெளியான வரிகள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இல்மனைட் கலந்த கறுப்பு மணலில் அலை பின்வாங்கும்போது விழும் கோடுகளைப் பார்த்தாலே போதும். வார்குழல் என்று நீண்டு தொங்கும் கூந்தலுக்குச் சொல் இருந்த மாதிரியே, சுருண்ட கூந்தலுக்கும் சுரிகுழல், நெறிகுழல் என்று சொற்கள் இருந்தன. இரண்டுமே புகழ்ச்சிதான்.

வீட்டில் தலைக்குப் போட்டதும் அந்த மனநிலைக்கு ஏற்றதுதான். தேங்காய் எண்ணெய், செம்பருத்தித் தாளி, சீயக்காய். இவை அழுக்கை எடுக்கும், சிக்கை எடுக்கும், வழவழப்பைத் தரும். முடியின் உருவத்தைத் தொடாது.

காரம் தெரிந்த மூன்று தொழில்கள்

உருவத்தைத் தொடுவதற்குக் காரம் வேண்டும். காரம் நமக்குப் புதுசு இல்லை.

வெற்றிலை போடுகிறவர்களைக் கேளுங்கள். சுண்ணாம்பு ஒரு நுனிவிரல் கூடிப்போனால் வாய் வெந்துபோகும். சிப்பியைச் சுட்டு எடுத்ததில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அது கொதிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்று வெள்ளையடிக்க வருகிறவருக்கும் தெரியும். இது கால்சியம் ஹைட்ராக்சைடு. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்பி வரும்.

இரண்டாவது சோப். தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்தால் எண்ணெய் சோப்பாக மாறுகிறது. காஸ்டிக் சோடா கரைசல் விரலில் பட்டால் வழவழவென்று இருக்கும். காரணம், உங்கள் தோலில் இருக்கும் கொழுப்பே அங்கே சோப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. காரத் தீக்காயத்தின் ஆபத்து இதுதான். அமிலம் பெரும்பாலும் தோலை உறைய வைத்து ஒரு பொருக்கு உண்டாக்கும். அந்தப் பொருக்கே ஓரளவு தடுப்பு. காரம் தோலைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வலி பெரிதாகத் தெரிவதற்குள் ஆழம் போயிருக்கும்.

மூன்றாவது தோல் பதனிடுதல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தமிழ்நாட்டில் இந்தத் தொழில் பரவியிருக்கிறது. சென்னையில் 1948-ல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. பதனிடுவதற்கு முன்னால் தோலிலிருந்து முடியை எடுக்கவேண்டும். அதற்குத்தான் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சல்பைடு சேர்க்காமல் வெறும் சுண்ணாம்பில் முதலில் ஊறப் போட்டுவிட்டால், அப்புறம் சல்பைடு போட்டாலும் முடி சுலபமாகக் கரையாது. அடம் பிடிக்கும்.

ஏன்? முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் குறுக்கே கட்டி வைத்திருப்பவை கந்தகப் பாலங்கள்: இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் இணைப்பு. சுருட்டை சுருட்டையாகவே நிற்பதில் இந்தப் பாலங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காரம் பட்டால் பாலத்திலிருந்து ஒரு கந்தகம் கழன்று, ஒற்றைக் கந்தகப் பாலமாக மாறிவிடும். சல்பைடால் இந்தப் புதுப் பாலத்தை உடைக்க முடியாது. இதன் பெயர் லாந்தியோனின். 1941-ல் ஹார்ன், ஜோன்ஸ், ரிங்கல் என்ற மூவர் சோடியம் கார்பனேட்டில் வேகவைத்த கம்பளியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் லானா என்றால் கம்பளி. அதிலிருந்து வந்த பெயர்.

காஸ்டிக் கலந்த ரிலாக்ஸர் கிரீம் மனிதத் தலையில் செய்வதும் இதே வேலைதான். ஆட்டுத்தோலில் தற்செயலாக நடப்பது இங்கே காசு கொடுத்து நடக்கிறது.

தயோகிளைக்கோலேட்டின் வழி வேறு. அது பாலத்தைத் திறக்கும். முடியை நேராக இழுத்து வைத்த பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால் பாலங்களில் பெரும்பகுதி புது இடத்தில் மூடிக்கொள்ளும். என் தொழில் பாஷையில் சொன்னால், தயோவில் கொஞ்சமாவது அண்டூ இருக்கிறது. ஹைட்ராக்சைடு பழைய ஃபைலை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதுகிறது.

இப்போது "எரிஞ்சாதான் பிடிக்கும்" என்ற பேச்சுக்கு வருவோம். முடிக்கு நரம்பு கிடையாது. முடியில் ரசாயனம் வேலை செய்வதை யாராலும் உணர முடியாது. முடி வெட்டும்போது வலிக்கிறதா என்ன? ஆனால் தலைத் தோலின் மேல் அடுக்கும் கெரட்டின்தான். கிரீமுக்கு முடிக் கெரட்டின் எது, தோல் கெரட்டின் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எரிகிறது என்றால் வேலை தோலில் நடக்கிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அமெரிக்காவின் எரிந்த தலைகள்

இந்தக் கிரீம்களின் வரலாறு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு. அடிமைமுறை முடிந்த பிறகும், நேரான முடி இருந்தால்தான் வேலை, மரியாதை என்ற நிலை அங்கே தொடர்ந்தது.

மேடம் சி. ஜே. வாக்கர் என்று புகழ்பெற்றவரின் இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867-ல் லூசியானாவில் பிறந்தவர். முடி நேராக்கித்தான் பணக்காரர் ஆனார் என்று பலரும் எழுதுவார்கள். ஆனால் 1906-ல் அவர் தொழில் தொடங்கியபோது விற்ற முக்கியமான சரக்கு தலைத் தோலுக்கான கந்தகக் களிம்பு. தன் முடி கொட்டியதுதான் அவரை அந்தப் பக்கம் திருப்பியது. நேராக்க அவருடைய முறையில் பயன்பட்டது சூடான உலோகச் சீப்பு. அதாவது, இந்தப் பெருந்தொழிலின் தொடக்கத்தில் தலைப்புண் வைத்தியமும் இருந்தது.

ரசாயனம் வந்த கதையில் கேரட் மார்கன் வருகிறார். கிளீவ்லண்டில் தையல் மெஷின் பழுது பார்த்தவர். ஊசி உரசிக் கம்பளித் துணி கருகாமல் இருக்க ஒரு திரவம் தயாரித்தாராம். அதைத் துடைத்த துணியின் இழைகள் நேராக நிற்பதைக் கண்டாராம். பக்கத்து வீட்டு நாயின் மேல் முதலில் சோதித்தாராம். கதை எவ்வளவு நிஜமோ, 1913-ல் முடிக்கான கம்பெனி தொடங்கியது நிஜம். 1914-ல் புகையிலிருந்து காக்கும் முகமூடிக்கும், 1923-ல் போக்குவரத்து சிக்னலுக்கும் காப்புரிமை வாங்கியவரும் இவரே.

1940-களில் வீட்டிலேயே காய்ச்சும் முறை பரவலாக இருந்தது. மால்கம் எக்ஸ் 1965-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அதன் சேர்மானத்தைச் சொல்கிறார்: காஸ்டிக் சோடா, முட்டை, உருளைக்கிழங்கு. முதல்முறை போட்டபோது தலை தீப்பிடித்த மாதிரி எரிந்ததையும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் விவரிக்கிறார். கண்ணாடியில் பார்த்ததும் வலி மறந்துபோனது. பின்னாளில் அதைத் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்ட முதல் பெரிய அடி என்று எழுதினார். நம்ம பார்லர் வாக்கியத்தின் பூர்வீகம் இங்கேதான் தெரிகிறது. வலி விலை, நேரான முடி சரக்கு. விலை கொடுக்காமல் சரக்கு கிடைக்காது என்ற கணக்கு.

ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு கட்டுப்பாடும் இருந்தது. காது, கழுத்து, நெற்றியோரம், தலைத் தோல் எங்கும் வாஸலின் தடவிய பிறகுதான் கலவையைப் போடுவார்கள். கழுவிய பிறகும் எங்கே எரிகிறது என்று கேட்டுக் கேட்டு மறுபடி அலசுவார்கள், காரம் ஒரு துளி தங்கினாலும் புண்ணாகிவிடும் என்று தெரிந்திருந்ததால்.

1954-ல் ஜார்ஜ் ஜான்சன் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் இதைக் கடைச் சரக்காக்கியது. 1975-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், காஸ்டிக் சோடா இருப்பதையும் அதன் ஆபத்தையும் டப்பாவில் எச்சரிக்கவேண்டும் என்று அந்த நிறுவனத்தை ஒப்புக்கொள்ள வைத்தது. போட்டியாளரான ரெவ்லான் அதே மாதிரி எச்சரிக்கைக்கு வந்தது 1977-ல். கறுப்பினத்தவரின் கம்பெனிக்கு மட்டும் முதலில் முத்திரை குத்திவிட்டார்கள் என்ற கோபம் ஜான்சன் தரப்பில் கடைசிவரை இருந்தது. நியாயமான கோபம்தான். ஆனாலும் டப்பாவில் எச்சரிக்கை வந்தது நல்லதே.

அப்புறம் "காஸ்டிக் இல்லாத" ரிலாக்ஸர் வந்தது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நம்ம வெற்றிலைச் சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு கிரீமில் குவானிடின் கார்பனேட் கரைசலைக் கலந்தால் குவானிடின் ஹைட்ராக்சைடு உண்டாகி வேலை செய்யும். தோலில் எரிச்சல் குறைவு. ஆனால் மிச்சமாகும் சுண்ணச் சத்து முடியில் படிந்து, நாளாக நாளாக முடியை, முக்கியமாக நுனியை, வறள வைக்கும். ஒரு பிரச்சினை தலையிலிருந்து நுனிக்கு இடம் மாறியது.

நம்ம கரைக்கு வந்தது

2009-ல் கிறிஸ் ராக் எடுத்த "குட் ஹேர்" ஆவணப்படத்தில் காஸ்டிக் கரைசலில் அலுமினிய டின் கரைவதைக் காட்டுவார்கள். அதே படத்தில் அவர் இந்தியாவுக்கும் வருகிறார், காணிக்கை முடி எங்கே போகிறது என்று பார்க்க. திருப்பதியிலும் பழநியிலும் மொட்டை போட்ட முடி ஏலம் போய், சுத்தமாகி, விக்காகவும் இணைப்பு முடியாகவும் கடல் தாண்டுகிறது. அந்தச் சந்தையில் ரசாயனம் படாத முடிக்கு மவுசு அதிகம். இங்கேயிருந்து ரசாயனம் படாத முடி போகிறது. அங்கேயிருந்து ரசாயனம் வருகிறது.

1990-களில் ஜப்பானில் தயோ கிரீமோடு சூடான இஸ்திரித் தகடும் சேர்ந்த முறை உருவானது. 2000-க்குப் பிறகு அது ரீபாண்டிங் என்ற பெயரில் நம்ம ஊர்களுக்கும் வந்தது. இதன் விளைவுகளை நமக்குப் பக்கத்திலேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். மங்களூரில் 90 பேரிடம் விசாரித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு பாதிப்பைச் சொன்னார்கள்: முடி பறட்டையாவது 67 சதவீதம், பொடுகு 61, முடி உதிர்வு 47, நுனி பிளவு 17. சின்ன ஆய்வுதான், அவரவர் சொன்னதை வைத்து எடுத்ததுதான். ஆனாலும் அழகுக்குப் போய்வந்தவர்களின் பட்டியல் இது.

பிரேசிலிலிருந்து வந்த "கெரட்டின்" முறைகள் பலவற்றில் இருந்தது ஃபார்மால்டிஹைடு. 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்தது. பெயர் கெட்டதும் "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்று கிளையாக்சிலிக் அமிலம் கலந்த கிரீம்கள் வந்தன. 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 26 வயதுப் பெண் ஒருவரின் கேஸ் வெளியானது. துனிசியாவில் 2020, 2021, 2022 என மூன்று தடவை முடி நேராக்கினார். மூன்று தடவையும் தலையில் எரிச்சல், புண். மூன்று தடவையும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. கிரீமில் இருந்தது கிளையாக்சிலிக் அமிலம். அது தோல் வழியாக உள்ளே போய், ஆக்சலேட் படிகங்களாகச் சிறுநீரகத்தில் சேர்ந்திருக்கிறது என்பது மருத்துவர்களின் முடிவு.

மூன்று தடவையும் தலை எரிந்து சொல்லியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எரிந்தால் என்ன செய்ய

மேலே சொன்ன வேதியியலிலிருந்தே இது வந்துவிடும்.

எரிச்சல் தொடங்கினால் உடனே எழுந்து கழுவச் சொல்லுங்கள். முடி பாதியில் நிற்குமே என்ற கவலை அப்புறம். ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம். காரம் ஆழத்துக்குப் போகும் சரக்கு என்பதால் ரெண்டு மக் ஊற்றுவது பத்தாது. தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவுங்கள், கண்ணில் வழியக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் கண்ணையும் அதேபோல விடாமல் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

காரத்துக்கு எதிர் அமிலம்தானே என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றாதீர்கள். நடுநிலையாக்கும் வினையிலும் சூடு பிறக்கும். வெந்த தோலில் அமிலம் இன்னொரு காயம். பற்பசை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் புதுப் புண்ணில் வேண்டாம். டிரையர், இஸ்திரி வேண்டாம். சொறியவும் கூடாது.

கொப்புளம், வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறிய தோல், கொத்தாகக் கழன்று வரும் முடி, சீழ், காய்ச்சல், முக வீக்கம் இருந்தால் தோல் மருத்துவரிடம் போகவேண்டும். மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல், வாந்தி, முதுகு வலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எந்தக் கிரீம் போட்டது என்று டப்பாவின் படத்தையும் காட்டுங்கள். மேலோட்டமான புண்ணில் வேர் பிழைத்துக்கொள்ளும், முடி திரும்ப வரும். காயம் ஆழமாகி வேரே போய்த் தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முளைக்காது. சீக்கிரம் கழுவுவதில் இருக்கும் வித்தியாசம் அதுதான்.

நுனிக்கு வைத்தியம் உண்டா?

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். 36 செ.மீ. முடியின் நுனிக்கு வயசு 3 வருஷம். வெயில், உப்புக்காற்று, சீப்பு எல்லாம் பட்டுத் தேய்ந்த அந்த நுனிக்கும், நேற்று முளைத்த வேர்ப்பக்கத்துக்கும் ஒரே கிரீமை ஒரே நேரம் போட்டால் முதலில் உடைவது நுனிதான். தோல் உயிருள்ளது, ஆறும். நுனி உயிரில்லாதது, ஆறாது. பிளந்த நுனியை எந்தச் சீரமும் ஒட்ட வைக்காது. கொஞ்ச நேரம் மூடி வைக்கும். பிளவுக்கு மேலே ஒன்றிரண்டு செ.மீ. சேர்த்து வெட்டுவதுதான் வழி. வெட்டாவிட்டால் பிளவு மேலே ஏறும்.

மிச்ச முடியைக் காப்பாற்றலாம். சேதமான முடியில் எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்டப் பொருள்கள் அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். அதனால் கண்டிஷனர் நுனிக்குத்தான், தலைக்கு இல்லை. தேங்காய் எண்ணெய்க்கும் ஆதாரம் இருக்கிறது: மும்பையைச் சேர்ந்த ரேலே, மோகிலே இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றில் முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அவர்கள் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். புண் ஆறிய பிறகு, குளிப்பதற்கு முன்னால், முடியின் நீளத்துக்கு மட்டும் தடவலாம்.

ஈர முடியில் இஸ்திரி வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து முடித்தண்டில் குமிழ் உண்டாகும். 1986-ல் மருத்துவ இதழில் இதற்குக் குமிழ் முடி என்றே பெயர் வைத்தார்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். புதுசாக முளைக்கும் சுருட்டையும் பழைய நேர்முடியும் சேரும் இடம்தான் ரொம்பப் பலவீனம், அங்கே இழுக்காதீர்கள்.

இன்னொன்று, இது முக்கியம். ஹைட்ராக்சைடு போட்ட முடியில் தயோ போட்டாலும், தயோ போட்டதில் ஹைட்ராக்சைடு போட்டாலும் முடி கையோடு வந்துவிடும். மார்த்தாண்டத்தில் ஒன்று, ஆறு மாசம் கழித்து நாகர்கோவிலில் வேறொன்று என்று போகிறவர்கள் முதல் கடையில் போட்டது என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் உட்காரும் முன் மூன்று கேள்வி கேட்டால் போதும். இதில் இருப்பது தயோவா, ஹைட்ராக்சைடா, கிளையாக்சிலிக்கா? தலைத் தோலுக்குத் தடுப்புக் களிம்பு போடுவீங்களா? எரியுதுன்னு சொன்னா உடனே கழுவுவீங்களா? மூன்றாவது கேள்விக்கு "எரிஞ்சாதான் பிடிக்கும்" என்று பதில் வந்தால், சுருட்டை முடியோடேயே கல்யாணத்துக்குப் போகலாம்.